சென்னையில் எச்.ஐ.வி. ஒழிப்பு: யாரிடம் கேட்பது, எங்கே வைத்துக் கேட்பது?

பெரம்பூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் எச்.ஐ.வி. தொற்றைக் கட்டுப்படுத்த இத்தனை ஆண்டுகளாக நடந்துவரும் பணிகளில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை, இனி என்ன செய்ய வேண்டும் என்பதை, அந்தப் பணிகள் யாருக்காக நடக்கின்றனவோ அவர்களிடமே கேட்டுத் தொகுத்து, மாவட்ட அளவில் பொறுப்பில் இருப்பவர்களிடம் எழுத்தாக ஒப்படைக்க எங்கள் பகுதியைச் சேர்ந்த எட்டுப் பேர் எண்ணியிருக்கிறோம். எங்களில் இருவர் செவிலியர்கள், ஒருவர் தொற்றுள்ளவர், மற்றவர்கள் என்னைப் போல ஆர்வத்தைத் தவிர வேறு தகுதி இல்லாதவர்கள்.

இந்த ஊருக்கு இதில் தனிக் கடமை உண்டு என்று நினைக்கிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது இங்கேதான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்து, வசதியான ஆய்வகம் இல்லாததால் மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்திருந்து, கணவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ரயிலில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று சோதித்தார். ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது. அந்தத் துணிச்சலை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கப்படுகிறது என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதும் அதே வரலாற்றில்தான் இருக்கிறது. கேட்காமல் தொடங்கிய வேலை இது. இப்போதாவது கேட்க வேண்டும்.

2014 டிசம்பர் 1 அன்று பாரிஸில் உலகின் பல மாநகர மேயர்கள் கூடி, 2030-க்குள் எய்ட்ஸை முடிவுக்குக் கொண்டுவரும் வேலையில் நகரங்களே முன்னிற்க வேண்டும் என்று உறுதியேற்றார்கள். தொற்றுள்ளோரில் நூற்றுக்கு 95 பேருக்குத் தங்கள் நிலை தெரிந்திருக்க வேண்டும், அவர்களில் 95 விழுக்காட்டினர் சிகிச்சையில் இருக்க வேண்டும், சிகிச்சையில் இருப்போரில் 95 விழுக்காட்டினருக்குக் கிருமி அடங்கியிருக்க வேண்டும் என்பது இன்றைய இலக்கு. இந்த மூன்று எண்களும் அரசின் மதிப்பீடுகளிலிருந்தும் மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்தும் கிடைத்துவிடும். விட்டுப்போன ஐந்து பேர் ஏன் விட்டுப்போனார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

எங்கள் திட்டம் இதுதான்: ஒரு சனிக்கிழமை காலை 11 மணிக்குச் சமூக நலக்கூடத்தில் கூட்டம், 24 கேள்விகள் கொண்ட படிவம், எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1-க்குள் அறிக்கை. குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

முன்னாள்_ஆலோசகர் எழுதியது:

நல்ல எண்ணம். சமூக நலக்கூடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடம் அது) 16 ஆண்டுகள் ஆலோசகராக இருந்தேன். (கவுன்சலர் என்றால்தான் எவருக்கும் புரியும்.) உங்களுடையதைப் போலவே ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஒருமுறை நாங்களும் நடத்தினோம். வாசலில் பத்தடிப் பேனர், அதில் சிவப்பு ரிப்பன், 'எச்.ஐ.வி. உள்ளோருடன் கலந்துரையாடல்' என்று கொட்டை எழுத்து. நான் மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு நன்கு பழக்கமான ஓர் அம்மா பேருந்திலிருந்து இறங்கித் தெருவைக் கடந்தார். பேனரைப் படித்தார் என்பது தலை நிமிர்ந்த விதத்திலேயே தெரிந்தது. கால் நிற்கவில்லை. அப்படியே நேராக நடந்து, எதிரிலிருந்த கடையில் கொஞ்சம் தக்காளி வாங்கிக்கொண்டு, அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டார். உள்ளே நாற்காலிகளை நிரப்பியிருந்தவர்களில் பெரும்பாலோர் தொண்டு நிறுவனப் பணியாளர்களும் செவிலிய மாணவிகளும்தான். அன்றைய அறிக்கையில் 'பாதிக்கப்பட்ட சமூகத்தினர் திரளாகப் பங்கேற்றனர்' என்ற வாக்கியம் இருக்கிறது. அதை எழுதியவள் நான்.

கூட்டத்துக்கு வருவதே தன் நிலையை ஊரறியச் சொல்வதாக ஆகிவிடும் இடத்தில், வரக்கூடியவர்கள் ஏற்கெனவே வெளிப்படையாக வாழ்பவர்கள் மட்டுமே. அவர்களுடைய துணிச்சல் பெரிது. ஆனால் அவர்கள் சொல்வதைத்தான் முப்பது ஆண்டுகளாக நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மற்றவர்கள் தாமாகவே வந்து அமரும் ஒரே இடம், எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தின் வரிசைதான். எடை பார்க்க, மருத்துவரைப் பார்க்க, கவுன்சலரைப் பார்க்க, மாத்திரை வாங்க என்று ஒருவர் அங்கே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கிறார். முறையான அனுமதி பெற்று அங்கே போய்க் கேளுங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கேட்பவர் அந்த மையத்தின் ஊழியராக இருக்கக் கூடாது. மாத்திரை கொடுக்கும் கையை எவரும் குறை சொல்ல மாட்டார்கள். 'எல்லாம் நல்லா இருக்குதுங்க மேடம்' என்ற ஒரே பதிலை நான் 16 ஆண்டுகள் எழுதியிருக்கிறேன்.

ஒன்பது_மணி_மாத்திரை எழுதியது:

நான் அந்த வரிசையில் நிற்பவன். 2009 முதல் கூட்டு மருந்து எடுத்துக்கொள்கிறேன். தாம்பரம் சானடோரியத்தில் 2004 ஏப்ரலில் அரசின் இலவச மருந்து தொடங்கியபோது அங்கே சிகிச்சைக்குச் சேர்ந்தவர்களில் சிலர் எனக்கு மூத்தவர்கள். காசநோய்க்காக 1928-இல் கட்டப்பட்ட அந்த மருத்துவமனைக்கு, அதற்கு முன்பெல்லாம் சாவதற்கென்றே வந்தவர்களைப் பார்த்ததாக அவர்கள் சொல்வார்கள். எனக்குத் தொடக்கத்தில் காலையும் இரவும் மாத்திரை. இப்போது இரவு ஒன்பது மணிக்கு ஒன்றே ஒன்று. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு, கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. என் மனைவிக்கு என்னால் தொற்றாது என்று மருத்துவர் சொன்ன அன்று, இருவரும் மருத்துவமனை வாசலில் கரும்புச்சாறு குடித்தோம். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், மருந்து நன்றாக வேலை செய்கிறது. குறை மருந்தில் இல்லை.

குறை எங்கே என்று கேட்டால் முதலில் மாத்திரை டப்பாவைச் சொல்வேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். பிளாஸ்டிக் டப்பாவில் 30 மாத்திரை. நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் போடும். நான் மையத்தை விட்டு வெளியே வந்ததும் அவற்றைப் பெருங்காய டப்பாவில் கொட்டி மேலே பஞ்சு வைத்து அடைத்துவிடுவேன். பச்சைப் புத்தகத்தை (சிகிச்சை விவரம் எழுதும் கையேடு அது) கேஸ் சிலிண்டர் ரசீதுகளோடு வைத்திருக்கிறேன். கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் பெண்களுக்கு இந்த டப்பாவே பெரும்பாடு. மாத்திரையை விட்டுவிட்டு வந்தவர்களிடம் 'ஏம்மா விட்டீங்க' என்று கேட்டால் மறந்துவிட்டேன் என்பார்கள். மறக்கவில்லை, நாத்தனார் வந்திருப்பார்.

இரண்டாவது, நாள். மாத்திரை வாங்கும் நாளில் எனக்குக் கூலி இல்லை. கொரோனா ஊரடங்கின்போது மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. நிலையாக இருப்பவர்களுக்கு அதை எப்போதும் வழக்கமாக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோ மாலை ஏழு மணியோ திறந்திருக்கும் ஒரு மையமாவது வடசென்னையில் வேண்டும்.

மூன்றாவது, ஏ.ஆர்.டி. மையத்துக்கு வெளியே உள்ள மருத்துவம். போன ஆண்டு பல் பிடுங்க ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். நேர்மையாக என் நிலையைச் சொன்னேன். 'கருவி பழுதாகிவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள்' என்றார்கள். எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த பெண்ணை அதே நாற்காலியில் அமர வைத்தார்கள். அடுத்த மருத்துவமனையில் நான் எதையும் சொல்லவில்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உண்மை சொன்னவனுக்கு வலி, மறைத்தவனுக்கு வைத்தியம்.

சட்டம்_பயில்பவர் எழுதியது:

மேலே சொல்லப்பட்ட பல் மருத்துவ நிகழ்வு சட்டப்படி குற்றச்சாட்டுக்கு உரியது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்றின் காரணமாகச் சிகிச்சை, வேலை, கல்வி, வாடகை வீடு ஆகியவற்றை மறுப்பதை அது தடை செய்கிறது. விவரம் தெரிவித்துப் பெற்ற ஒப்புதல் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது என்கிறது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், மருத்துவமனையானால் இருபது பேர் இருந்தாலே போதும், குறைகேட்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவருக்கும் மேலே மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளர் உண்டு.

சட்டத்தில் ஓட்டையும் உண்டு. சிகிச்சை வழங்க அரசு 'இயன்றவரை' நடவடிக்கை எடுக்கும் என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஒரு சொல்லை எதிர்த்துத் தொற்றுள்ளோர் அமைப்புகள் அப்போதே குரல் கொடுத்தன. உங்கள் படிவத்தில் 'சட்டம் தெரியுமா' என்று கேட்க வேண்டாம். 'புகார் செய்ய வேண்டுமானால் யாரிடம் போவீர்கள்' என்று கேளுங்கள். வரும் பதில்களே தனி அறிக்கையாகிவிடும்.

வரி_செலுத்துபவன் எழுதியது:

யார் மனதையும் புண்படுத்தும் நோக்கம் எனக்கில்லை. நாட்டில் வயது வந்தோரில் 0.2 விழுக்காட்டினருக்கே இந்தத் தொற்று இருக்கிறது என்கிறார்கள். நீரிழிவு வீட்டுக்கு வீடு இருக்கிறது. தொற்று குறைந்துகொண்டே வரும்போது இவ்வளவு பணமும் உழைப்பும் இதற்கே தேவையா?

முன்னாள்_ஆலோசகர் எழுதியது:

நியாயமான கேள்விதான், ஐயா. 0.2 என்பது சிறிய எண்ணாகத் தெரிகிறது. இந்த நாட்டின் மக்கள்தொகையில் அது ஏறத்தாழ 25 லட்சம் பேர். அவர்கள் ஒவ்வொருவரும் வாழ்நாள் முழுவதும், ஒருநாள் விடாமல், மாத்திரை எடுத்தாக வேண்டும். விட்டுவிட்டு எடுத்தால் மருந்துக்குக் கிருமி பழகிவிடும், பிறகு அடுத்த நிலை மருந்துக்குப் போக வேண்டும், அதற்குச் செலவு கூடும். மேலும் 0.2 என்பது சராசரி. ஊசியால் போதை மருந்து எடுப்போர், திருநங்கைகள், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் ஆகியோரிடையே இது பல மடங்கு அதிகம். சராசரியைப் பார்த்துப் பணத்தைக் குறைத்தால் முதலில் நிற்பது அவர்களைத் தேடிப் போகும் களப்பணிதான்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில், கருவுற்ற பெண்ணுக்குத் தொற்று என்று சொல்லும் நாளில் எனக்குச் சோறு இறங்காது. இன்று சரியான நேரத்தில் கண்டறிந்து மருந்து கொடுத்தால் குழந்தை பெரும்பாலும் தொற்றில்லாமல் பிறக்கிறது. குறைந்திருக்கிறது என்றால் செய்ததால் குறைந்தது.

செம்பருத்தி எழுதியது:

நான் திருநங்கை. எட்டு ஆண்டுகள் களப்பணியாளராக இருந்திருக்கிறேன். இந்த உரையாடல் இழையை இரவில் படித்துவிட்டு, எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக் காலையில் எழுதுகிறேன்.

எங்களிடம் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எங்களைக் கேட்ட அளவுக்கு இந்த ஊரில் வேறு யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள். சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்குப் போனால், தாலி கட்டிக்கொள்வதற்கு முன்பே மூன்று பேர் படிவத்தோடு வந்துவிடுவார்கள். எத்தனை பேரோடு உறவு, எத்தனை முறை ஆணுறை, கடைசியாக எப்போது பரிசோதனை என்று எங்கள் உடம்பைப் பற்றி எல்லாரும் கேட்டுவிட்டார்கள். வீட்டு வாடகை எவ்வளவு, வீட்டுக்காரர் எப்போது காலி செய்யச் சொன்னார், அரசு மருத்துவமனையில் எங்களை ஆண்கள் வார்டில் படுக்க வைத்தார்களா பெண்கள் வார்டிலா என்று கேட்டவர்கள் குறைவு. 2008-இல் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது. அந்தப் பெருமை எங்களுக்கும் உண்டு. ஆனாலும் ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் பழைய பெயரை உரக்கக் கூப்பிடும் ஒரு குரல் போதும், அந்தப் பிள்ளை அடுத்த மாதம் மாத்திரைக்கு வராது. நான் தேடிப் போய் மறுபடி அழைத்து வர மூன்று வாரம் ஆகும்.

பெரம்பூர்வாசி அண்ணா, உங்கள் 24 கேள்விகளில் எத்தனை எங்கள் உடம்பைப் பற்றியவை, எத்தனை எங்கள் வாழ்க்கையைப் பற்றியவை என்று எண்ணிப் பாருங்கள். இன்னொன்று. இதுவரை என்னிடம் பதில் வாங்கிப்போன எவரும், 'நீங்கள் சொன்னதை இவரிடம் கொடுத்தோம், அவர் இதைச் செய்வதாகவும் இதைச் செய்ய முடியாது என்றும் சொன்னார்' என்று திரும்ப வந்து சொன்னதில்லை. முடியாது என்ற பதிலாக இருந்தாலும் பரவாயில்லை. வந்து சொல்லுங்கள். சொல்வீர்கள் என்றால் நான் இருபது பேரை உங்களிடம் பேச வைக்கிறேன். இல்லையென்றால் எனக்கு வேறு வேலை இருக்கிறது.

ஓஎம்ஆர்_இரவுப்பணி எழுதியது:

எனக்கு வயது 26. ஆண்களை விரும்பும் ஆண். இந்த இழையில் குறிப்பிடப்பட்ட எந்த இடத்துக்கும் நான் போனதில்லை, என் நண்பர்களும் போனதில்லை. களப்பணியாளர்கள் பூங்காவிலும் கடற்கரையிலும் எங்களைத் தேடுகிறார்கள். நாங்கள் கைபேசிச் செயலிகளில் இருக்கிறோம். பரிசோதனையைத் தனியார் ஆய்வகத்தில் செய்துகொள்கிறோம், அறிக்கை மின்னஞ்சலில் வருகிறது. பாசிட்டிவ் என்று வந்தால் அந்த நள்ளிரவில் பேச ஆள் இல்லை. 1097 என்ற இலவச உதவி எண் இருப்பதே எனக்குச் சென்ற மாதம்தான் தெரியும். தொற்று வராமல் காக்கும் பிரெப் மாத்திரை மருத்துவர் சீட்டோடு கடையில் விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சீட்டைக் கேட்டு ஒரு பொது மருத்துவரிடம் போனபோது, மாத்திரைக்குப் பதிலாகக் கல்யாணம் செய்துகொள்ளும்படி அறிவுரை கிடைத்தது. எங்கள் வயதினரிடம் கருத்துக் கேட்க வேண்டுமானால், பெயர் கேட்காத, இரண்டு நிமிடத்தில் முடிகிற இணையப் படிவம் ஒன்று வையுங்கள்.

காசிமேட்டுக்காரன் எழுதியது:

எங்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போனால் திரும்பப் பல நாட்கள் ஆகும். சனிக்கிழமை காலை என்றால் பாதிப் பேர் தண்ணீரில் இருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது எல்லாரும் கரையில் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்போது வந்தால் நாள் முழுக்கப் பேசலாம். கோயம்பேட்டுச் சுமை தூக்குபவர்களைப் பார்க்க வேண்டுமானால் வியாபாரம் தணிந்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல் போங்கள். அங்கேயும் இங்கேயும் இப்போது ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் நிறைய. தமிழ்ப் படிவத்தை வைத்துக்கொண்டு அவர்களிடம் என்ன கேட்பீர்கள்?

பெரம்பூர்வாசி எழுதியது:

எங்கள் திட்டம் சுக்குநூறாகிவிட்டது. அதற்கு நன்றி சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறேன். நேற்று எட்டுப் பேரும் கூடி இவற்றையெல்லாம் படித்தோம். செம்பருத்தி அவர்கள் சொன்னபடி எண்ணியும் பார்த்தோம்: 24 கேள்விகளில் 17 உடம்பைப் பற்றியவை. அவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டோம்.

சமூக நலக்கூடம் இல்லை, பேனரும் இல்லை. டிசம்பர் 1 என்ற கெடுவையும் விட்டுவிட்டோம். மேடையில் அறிக்கை வெளியிடுவதற்கு வசதியான நாள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எங்களிடம் இல்லை. அனுமதி கிடைத்தால் முதலில் ஏ.ஆர்.டி. மையத்தில், பிறகு தடைக்காலத்தில் காசிமேட்டில், அதற்கு முன் இயன்றால் கோயம்பேட்டில். இந்தியும் ஒடியாவும் பேசுகிற ஆட்களைத் தேட வேண்டும். இணையப் படிவத்தை எங்கள் குழுவில் இளையவர் ஒருவர் செய்கிறார். கேள்விகள் இப்போது ஐந்துதான். ஐந்தாவது, 'இதற்கு என்ன பதில் வந்தது என்பதை உங்களுக்கு எப்படித் தெரிவிக்க வேண்டும்?' என்பது. செம்பருத்தி அவர்களே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பதில் வந்தாலும் வராவிட்டாலும், நாங்கள் திரும்ப வருவோம். அந்த இருபது பேரிடமும் இதைச் சொல்லலாம்.

எனக்கு ஓர் அச்சம் மட்டும் இருக்கிறது. அந்த வரிசையில் போய் அமர்ந்தால் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

செம்பருத்தி எழுதியது:

இருபது பேரிடம் சொல்லிவிட்டேன். பதினான்கு பேர் சரி என்றார்கள். மீதிப் பேர் உங்கள் முதல் மூன்று மாதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வார்களாம்.

ஒன்பது_மணி_மாத்திரை எழுதியது:

முதல் நாள் நான் உங்களோடு அமர்கிறேன். எனக்கு அடுத்த வாரம் புதன்கிழமை மாத்திரை நாள். கையில் கோப்பு, கழுத்தில் அடையாள அட்டை எதுவும் வேண்டாம். மஞ்சள் பை ஒன்றும் தண்ணீர் பாட்டிலும் கொண்டு வாருங்கள், எல்லாரையும் போல இருப்பீர்கள். மின்விசிறிக்குக் கீழே இருக்கும் பெஞ்சு ஏழரை மணிக்கே நிரம்பிவிடும். என்னைப் பார்த்ததும் நீங்களாக வணக்கம் சொல்ல வேண்டாம். பக்கத்தில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று உறுதியானதும் நானே உங்களைப் பார்த்து, 'டோக்கன் எத்தனை போகுது' என்று கேட்பேன். அதிலிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.